இருக்கைக்கு அடியில் ஓர் இன்ஜின்

“புது இன்ஜினே போட்டுடுங்க” என்றார் மனைவி, வேனை விட்டு இறங்கும்போதே.

“இவளுக்கு எல்லாமே புதுசா வேணும் தம்பி. நல்லவேளை, என்னை இன்னும் மாத்தல” என்றார் கணவர்.

“விசாரிச்சுட்டேன். உங்க மாடலுக்கு யார்கிட்டயும் பார்ட்ஸ் இல்லையாம்.”

மெக்கானிக் வேனைச் சுற்றி வந்தார். பின்னால் கட்டில், ஒற்றை அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. ஓய்வு பெற்ற தம்பதி. வருடத்தில் பாதி நாள் இதிலேயே ஊர் சுற்றுகிறார்கள். இப்போது வேன் நீலப் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது.

“பத்தொன்பது வருஷம். மூணு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர். வழியில ஒரு தடவை நின்னதில்ல” என்றார் கணவர். “ஆயில் மாத்தறதைத் தவிர எந்த மெக்கானிக்கும் கை வெச்சதில்ல. எல்லாம் நான் ஓட்டற விதம்.”

“ஆமா, இவர் ஓட்டற அழகுல இன்ஜினே மயங்கிக் கிடக்கு.”

“பழுது பாருங்க, போதும். மாத்தற பேச்சே வேண்டாம்.”

“நடுவழியில நின்னாத்தான் புத்தி வரும்.”

இருவரும் விடுவதாக இல்லை. கடைசியில் கணவர், “நீங்க பார்த்துச் சொல்லுங்க தம்பி” என்று வாசல் பக்கம் போய்விட்டார்.

மெக்கானிக்கின் மனசு அவர் பக்கம்தான் இருந்தது. இத்தனை வருஷம் உழைத்த இன்ஜினை இந்த அம்மா இப்படி விரட்டுகிறாரே!

முன்னிருக்கையைத் தூக்கி, அடியிலிருந்த இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இவ்வளவு தூரம் ஓடிய இன்ஜினுக்குள் தார் ஊற்றியது போலக் கறுப்பு அப்பியிருக்கும். இதுவோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. அளவுத் தகட்டைச் செருகி, எட்டு வால்வுகளின் டாப்பெட் இடைவெளிகளைப் பார்த்தார். எட்டும் ஒரே அளவு. அவரே உட்கார்ந்து செய்தாலும் ஒன்றிரண்டு மயிரிழை பிசகும்.

நட்டுகளைப் பார்த்தார். சரியாக முறுக்கி முடித்ததும் நட்டையும் அடியிலிருக்கும் உலோகத்தையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். நட்டு நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். இதில் ஒவ்வொரு நட்டிலும் கோடு இருந்தது. ஆனால் பெயின்ட் இல்லை. பளபளவென்று வேறு ஏதோ. சிவப்புக்கு அடியில் ரோஸ், ரோஸுக்கு அடியில் அரக்கு. வருடம் வருடமாகப் போட்ட கோடுகள்.

பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் போல, மெக்கானிக் தன்னையறியாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படி இருக்கு?” மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

“பிஸ்டன் ரிங்குதான்மா தேய்ஞ்சிருக்கு. மாத்தினா இன்னும் ஒரு லட்சம் ஓடும். இதைப் போய்த் தூக்கிப் போடச் சொல்றீங்களே?”

“இன்ஜின் போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

அந்த அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். மூட்டுகள் வீங்கியிருந்தன. இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

“அந்தத் தகட்டைப் பிடிக்க இந்த விரலுக்கு இனிமே வராது. போன மாசம் எட்டையும் முடிக்க நாலு நாள் ஆச்சு. புது இன்ஜின்ல அந்த வேலையே இல்லையாமே?”

மெக்கானிக்குக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “இதெல்லாம்... நீங்களாம்மா?”

“எங்கப்பா பட்டறை வெச்சிருந்தார். கல்யாணமான புதுசுல இவர் வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சு. நான்தான் கிளப்பினேன். சுத்தி நின்னவங்க இவரைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க. ரெண்டு நாள் மனுஷன் சரியாச் சாப்பிடல. அதுலேர்ந்து இவர் காலைல நடக்கப் போற நேரத்துலதான் எல்லாம்.”

“அந்தக் கோடு?”

“நெயில் பாலிஷ். பெயின்ட் வாங்கினா எதுக்குன்னு கேட்பார்.”

மெக்கானிக் வாசலுக்கு நடந்தார். ஓடக்கூடிய இன்ஜினைச் செத்துப்போச்சு என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“சார், உள்ளே எல்லாம் முடிஞ்சுபோச்சு. மாத்தித்தான் ஆகணும்.”

பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார். கணவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விரல் வலியைச் சொன்னாளா?”

மெக்கானிக் சட்டென்று வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பாட்டில் பாட்டிலா நெயில் பாலிஷ் தீருது. நகத்துல ஒரு பொட்டு கிடையாது. என் கண்ணு அவ்வளவு மோசமில்ல தம்பி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுச் செய்யறதுதான் அவளுக்குச் சந்தோஷம். இல்லேன்னா இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு எவன் ரெண்டு மணி நேரம் நடப்பான்?”

“அப்புறம் ஏன் சார் மாத்தவே வேண்டாம்னு அப்படி மல்லுக்கு நின்னீங்க?”

“பத்தொன்பது வருஷம் அவ கட்டிக் காப்பாத்தின இன்ஜின். கேட்டதும் சரின்னு தலையாட்டினா அவளுக்கு என்ன மரியாதை? மாத்திடுங்க. ஆனா உள்ளே போய், ‘மனுஷன் லேசுல மசியல, போராடித்தான் ஒத்துக்க வெச்சேன்’னு சொல்லுங்க.”