பதுங்கிய நரம்பு

பேச்சியம்மாளின் இடக்கையில் இரண்டு நரம்புகள் குடியிருந்தன. பெரியது தோலுக்கு மேலே புடைத்துக்கொண்டு, ஊசி வரும்போதெல்லாம் முன்னால் நிற்கும். சின்னது ஆழத்தில் பதுங்கிக்கொள்ளும். “பயந்தாங்கொள்ளி!” என்று பெரியது கேலி செய்யும்.

அம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டது. இனி டயாலிசிஸ்தான் உயிர். டயாலிசிஸ் ஊசி குத்த ஒரு நரம்பைத் தயார்செய்யும் சின்ன ஆபரேஷனுக்கு முன், அதற்குத் தோதான நரம்பைத் தேடிய டாக்டர், கையில் பட்டையைக் கட்டி ஸ்கேன் கருவியால் அழுத்திப் பார்த்தார். பெரியது அமுங்கவே இல்லை; ஊசி பட்டுப் பட்டு உள்ளே இறுகிப்போயிருந்தது. சின்னது மெத்தென்று அமுங்கி எழுந்தது.

“இதுதான்,” என்றார் டாக்டர்.

சின்னது நடுங்கியது. “அண்ணே, இனி ஊசியெல்லாம் எனக்குத்தானாமே! நீ எப்படிண்ணே தைரியமா நின்ன?”

“தைரியமா? எனக்கும் பயந்தான்டா தம்பி. ஒளிய எடம் கெடைக்கலை, அவ்வளவுதான்.”