சத்தம் வராத பிஸ்டன்

"வேலை முடிஞ்சதும் சத்தமே வரக் கூடாது. என் வீட்டுக்காரிக்கு லேசா சந்தேகம் வந்தாலும் நான் தொலைஞ்சேன்" என்று அடிக்குரலில் சொன்னார் அவர். சொல்லிவிட்டு வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எதிரில் இருந்தவர் அசரவில்லை. கறை படிந்த கையைத் துணியில் துடைத்தபடி, "பிரிச்சுப் பாத்துட்டேன் சார். உள்ள ஒண்ணும் மிச்சமில்ல" என்றார்.

பயப்பட வேண்டாம். பிரித்துப் போட்டிருந்தது ஒரு கார் எஞ்சினை. பிரித்தவர் மெக்கானிக், தொலையப் போகிறவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர்.

காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டும் டர்போ வைத்த நீலக் கார் அது. ஆபீஸுக்குப் போய் வர அதன் வேகம் தாராளம். மனுஷன் சும்மா இருந்தாரா? டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மைத்துனன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது, பாலத்தின் நடுவில் பிஸ்டன் உடைந்து, ஊரே புகை மண்டலமாகி வண்டி நின்றது.

அன்றைக்கு மனைவி கத்தவே இல்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு வேகப் பைத்தியம் போதும்ங்க. பழசு என்னவோ அதையே வாங்கிப் போட்டு ஓட்டுங்க. உள்ள வேற எதையாவது மாத்தினது தெரிஞ்சா, வண்டியை வித்துடுவேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான், வண்டி அவள் பேரில் இருந்தது.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு நேராக இங்கே வந்து, சாதாரண பிஸ்டன் வேண்டாம், அடித்துக் கெட்டிப்படுத்திய ஃபோர்ஜ்ட் பிஸ்டன்தான் வேண்டும் என்று நிற்கிறார். திருந்துகிற ஜென்மமா அது?

அவளுக்கோ பாம்புக் காது. அவர் கார் தெருமுனை திரும்பும்போதே, ஆபீஸில் யாரிடம் திட்டு வாங்கினார் என்று கேட்பாள். இத்தனைக்கும் அவளுடைய கார் இருக்கிற லட்சணம்! டீச்சரம்மா ஓட்டுகிற குட்டி வெள்ளைக் கார், பின் கண்ணாடி முழுக்க மகள் ஒட்டிய வாத்துப் படங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் லொக்கு லொக்கென்று இருமும். 'இருமல் ராணி' என்று அவர் அதற்குப் பேரே வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டால், உங்கள் கை பட்ட வண்டி உருப்பட்டதா என்று வாயை அடைத்துவிடுவாள்.

மெக்கானிக் இரண்டு பெட்டிகளை மேஜையில் திறந்து வைத்தார். இரண்டிலும் ஃபோர்ஜ்ட் பிஸ்டன்கள், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி.

"இது என்ன அழுத்தம் குடுத்தாலும் தாங்கும் சார். ஆனா சூடானா நல்லா விரியும், அதனால இடைவெளி விட்டுத்தான் மாட்டணும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கறப்ப கொஞ்ச நேரம் தட்டும். அந்தப் பெட்டியில இருக்கறது சிலிக்கான் கலந்தது. அவ்வளவா விரியாது, நெருக்கமா மாட்டலாம், சத்தம் வராது. பவர் மட்டும் ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது."

முதல் பெட்டியை மேனேஜர் பார்த்த மாதிரி கல்யாணத்தன்று மணப்பெண்ணைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டு இரண்டாவது பெட்டியைத் தொட்டார். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு சத்தம் போடாது என்பதால், அதில் மட்டும் இருப்பதிலேயே கெட்டியானதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். விஷயம் வெளியே போகாதே என்று நாலாவது தடவையாகக் கேட்டார்.

"எந்த வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் வாயே திறக்க மாட்டேன் சார். பொண்டாட்டி வந்து கேட்டாலும் சரி, புருஷன் வந்து கேட்டாலும் சரி" என்றார் மெக்கானிக். மேனேஜருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்தார். பூனை மாதிரி இருந்தது எஞ்சின். பக்கத்தில் இருமல் ராணிதான் வழக்கம்போல் லொக்கு லொக்கென்றாள். மனைவி ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஜெயித்துவிட்டோம் என்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

புது எஞ்சின் ஓடிப் பழகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே ஓட்டினார். பழகி முடிந்த ஒரு நாள், ஆபீஸ் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வாத்துப் படங்கள் வந்து நின்றன. மகளை அவள் பள்ளியில் இறக்கிவிட்டு, தான் வேலை பார்க்கும் பள்ளிக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் மனைவி. ஐயோ, இன்றைக்குப் பார்த்தா என்று நொந்துகொண்டு, நல்ல பிள்ளையாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

பச்சை விழுந்தது. பக்கத்துக் காரிலிருந்து, டர்போ வண்டிக்கே உரிய விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே கார் இல்லை.

வேஷமாவது, பயமாவது! மிதி மிதியென்று மிதித்தார். நீலக் கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. இருந்தும் முன்னால் போன வாத்துகள் சின்னதாகிக்கொண்டே போயின.

அடுத்த சிக்னலில் ஒருவழியாகப் பக்கத்தில் போய் நின்றார். சூடேறியிருந்த வெள்ளைக் காரில் இப்போது இருமல் கிருமல் எதுவும் இல்லை. கண்ணாடியை இறக்கி, "வண்டியை மட்டும் வித்துடாதம்மா" என்றார் வியர்த்து விறுவிறுத்து.

அவளும் கண்ணாடியை இறக்கினாள். கோபமே இல்லை, பரிதாபமாகப் பார்த்தாள்.

"மெக்கானிக் ரெண்டு பெட்டி காட்டியிருப்பாரே. சத்தத்துக்குப் பயந்து மத்ததையா எடுத்தீங்க?"