ஆறு மணி மாப்பிள்ளை

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ராகுகாலம் பார்ப்பதில்லை. பெண், பிள்ளை இருவரின் உடல் கடிகாரத்தையும் பார்த்து, இரண்டு பேருக்கும் மன அழுத்தம் அடங்கியிருக்கும் நேரமாகக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் இளவேனிலைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லாருமே தேனொழுகப் பேசினார்கள். அவளுக்குச் சலித்துவிட்டது.

அடுத்து வரவிருந்த செழியனுக்கு அவளே போன் செய்தாள். "உங்களுக்கு எப்பங்க எரிச்சல் எரிச்சலா வரும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு. ஏன்?"

"எனக்கும் அப்பதான். அப்பவே வாங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குச் செழியன் உம்மென்று வந்து உட்கார்ந்தான். காபியை ஒரு வாய் குடித்ததுமே முகத்தைச் சுளித்தான். "என்னங்க இது, சர்க்கரையே இல்ல?"

"வேணும்னா நீங்களே போய்ப் போட்டுக்கங்க!" என்று வெடித்தாள் இளவேனில்.

விருட்டென்று எழுந்த செழியன் வாசலுக்குப் போகவில்லை, நேராகச் சமையலறைக்குள் போனான். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அதே கடுப்போடு அவன் குரல்: "சர்க்கரை எங்கங்க இருக்கு? உங்களுக்கும் ஒரு காபி கலக்கட்டா?"

"ஸ்ட்ராங்கா!" என்று இவளும் அதே கடுப்போடு கத்தினாள்.

அம்மா சத்தம் போடாமல் எழுந்து தாம்பூலத் தட்டைத் தேடினாள்.