வாயில் பஞ்சு, முழுத் திருப்தி

ஒரு காட்டில் மரங்கொத்தி ஒன்று பல் டாக்டராக இருந்தது. கைராசிக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். பாவம், அதற்குக் கை ஏது, அலகுதான். திடீரென்று சிங்கராஜா ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் வைத்தியம் பார்த்தால் மட்டும் கூலிப் புழு கிடைக்காது. நோயாளி திருப்தியாகப் போனார் என்று அறிக்கையும் வர வேண்டும்.

மரங்கொத்தி யோசித்துப் பார்த்தது. பல்லைப் பிடுங்கிவிட்டுத் திருப்தியா என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? கரடி அடிக்கவே வந்துவிட்டது.

சின்ன வைத்தியர்களுக்கு அறிக்கை எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் மைனாவை மரங்கொத்தி கூப்பிட்டது.

"பூ, இவ்வளவுதானா டாக்டர்? வாயில பஞ்சு இருக்கும்போதே நான் கேட்டுடறேன்," என்றது மைனா.

அன்றிலிருந்து, "ஏதாவது குறை உண்டா?" என்று மைனா கேட்கும். நோயாளி "ம்ம்ம்" என்பார். 'முழுத் திருப்தி' என்று மைனா எழுதிக்கொள்ளும். புழு வந்து குவிந்தது.

ஒருநாள் சிங்கராஜாவே கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்தார். மரங்கொத்தி பல்லைப் பிடுங்கிப் பஞ்சை அடைத்தது.

"குறை உண்டா ராஜா?"

"ம்ம்ம்! ம்ம்ம்!" ராஜா காலை உதறினார், வாலால் தரையை அடித்தார்.

"ரெண்டு தரம் சொல்லிட்டார். பரம திருப்தி!" மைனா எழுதிக்கொண்டது.

மரங்கொத்தி பிடுங்கிப் போட்ட பல்லைப் பார்த்தது. முத்துப்போல் பளபளவென்று இருந்தது. சொத்தைப் பல் ராஜாவின் வாயிலேயே பத்திரமாக இருந்தது.

"மைனா, பஞ்சை எப்ப எடுக்கறது?" என்றது.

மைனா அதற்குள் அடுத்த மரத்தில் இருந்தது. "எடுக்கவே எடுக்காதீங்க டாக்டர், அறிக்கை ரொம்ப நல்லா வந்திருக்கு!"