ஆளுக்குப் பாதி

நான் அரைத்துக் குடித்த கடற்பஞ்சு என் வயிற்றுக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த பெண் அதைப் பார்த்துவிட்டு வேலையையே விட்டுவிட்டாள். சல்லடையில் தேய்த்தாலும் துகள்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்ளும் பிராணி அது. கடலாய்வு நிலையத்தில் தலை நரைத்த எனக்கு அது தெரியாதா? இருந்தும் மூட்டுவலிக்கு நல்லதென்று மிக்ஸியில் அடித்து, மச்சான் சூசையும் நானும் ஆளுக்குப் பாதி குடித்தோம். இன்று அவர் வந்து எதிரே உட்கார்ந்ததும், என் நாற்காலி தானாக அவர் பக்கம் நகர்ந்தது. காலை ஊன்றி அதை நிறுத்தினேன். “உள்ள இருக்கிறது மத்த பாதியத் தேடுது மச்சான்.”

“பென்ஷன் வாங்குற வயசுல பொய்யப் பாரு” என்றவர், இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டைப் பித்தான் தெறித்து என் மடியில் விழுந்தது.

“கிட்ட வராதீங்க மாப்ள” என்றார் மெல்ல. “ஒரு வாரமா நானும் கட்டிலோட என்னைக் கட்டிப் போட்டுத்தான் படுக்கேன்.”