மிஸ்ஸிங்

"எங்க வீடு நிக்கிற மனைக்குப் பட்டா வேணும், சார்."

காத்தாயியின் கையிலிருந்த விளக்குமாறு நழுவி விழுந்தது. வழி நெடுக மகளிடம் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்: என்ன வேணா பேசு, பட்டான்னு மட்டும் வாயைத் திறந்துடாதே.

வண்டிக் கொட்டகை வாசலில் நின்ற மிராசுதார் துரைராசு சிரித்தார்.

"வண்டியைப் பாக்கக் கூப்பிட்டா மனையைக் கேக்குறியே. காத்தாயி, உம் மவ நல்லாத்தான் படிச்சிருக்கா."

"மன்னிச்சுக்குங்க ஐயா. சின்னப் புள்ள, தெரியாமப் பேசுது."

"தெரிஞ்சுதான் பேசுறேன்," என்றாள் அம்சம். "குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்தாச்சு. சூரியன் ஆண்டுச்சு, இலை ஆண்டுச்சு. நீங்க போட்ட தடை மனு மட்டும் அசையாம நிக்குது."

அந்தத் தெருவின் முதல் பட்டதாரி அவள். திருச்சியில் இயந்திரவியல் படித்தவள். அவள் கோபத்தில் பாதி மிராசுதார் மேல். மீதிப் பாதி, அவிழ்ந்த தலையோடு குனிந்து நிற்கிற அம்மா மேல்.

"நிமிந்து நில்லும்மா. தலையை முடி. நாகூர் கடைத்தெருவுல பச்சை மணி வச்ச கொண்டை ஊசி வாங்கிட்டு வந்தேனே, எங்க?"

"எங்கயோ வுழுந்துடுச்சுடி."

"வாங்கித் தர்ற ஊசியெல்லாம் தொலைச்சுடு. ஒரு ஊசியைக்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை உனக்கு."

துரைராசு தொண்டையைச் செருமினார். "இந்தா பாரு. எங்கப்பா வாங்கின பெட்ரோல் பிக்கப்பு இது. ஓயாம மிஸ்ஸிங் அடிக்குது. அதை நிறுத்திக் குடு. நானே தாலுகா ஆபீசுக்கு வந்து தடையை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எப்பல்லாம் மிஸ்ஸாகுது?"

"அதான் வேடிக்கை. தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்புக்குன்னு கெளப்பினா வெண்ணெய் மாதிரி ஓடுது. திரும்பி வந்து இந்தக் கொட்டகையில ஒரு பொழுது கெடந்தாப் போதும், இரும ஆரம்பிச்சுடுது. மார்கழிப் பனிங்கிறான் மெக்கானிக்கு."

"சித்திரையில?"

"சித்திரையிலயும் இதே இருமல்தான்."

"அப்பப் பனி இல்லை."

காத்தாயி குறுக்கே வந்தாள். "உள்ளே ஒரே குப்பையாக் கெடக்குங்க ஐயா. சித்த நேரம் இருங்க, கூட்டிட்டு வந்துடுறேன்."

"குப்பை எங்கயும் ஓடிடாது, நில்லு." அம்சத்தின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா, நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்து இங்க கூட்டுறா. வண்டி மேல வெளக்குமாத்து நுனி பட்டதில்ல. அந்த மரியாதை உனக்கும் இருக்கணும். போவட்டும், பெட்ரோலுக்குத் தீட்டு இல்ல. தொடு."

"வேணாம்டி. வா, போயிடலாம்," என்றாள் காத்தாயி.

அம்சம் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். "ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க, சார்."

மிராசுதார் ஏறி உட்கார்ந்தார். டப் டப் டப்... ஒரு வெறுமை. டப் டப் டப்... ஒரு வெறுமை.

அந்த ஓசை அவளை எங்கோ இழுத்துக்கொண்டு போனது. சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கனவு அது. எங்கும் வெள்ளையாகப் பனி. அம்மாவின் தோளில் அவள் மிதந்து போகிறாள். நெற்கதிர்களின் ஈரம் பாதங்களைத் தடவுகிறது. வரப்பு தெரியவில்லை, வாய்க்கால் தெரியவில்லை. தெருவே சத்தமில்லாமல் பயிருக்குள் நடந்து போகிறது. தொலைவில் யாரோ இருமுகிறார்கள்; மூன்று இருமல், ஒரு மௌனம். தூங்குடி, கனாதான் என்கிறாள் அம்மா, காதுக்குள்.

"என்னா, தூங்கிட்டியா?"

அம்சம் முந்தானையை நாலாக மடித்துப் பிடித்து முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றினாள். எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறியது. மாட்டினாள். இரண்டாவதைக் கழற்றியபோதும் அதே தடுமாற்றம். மூன்றாவதைக் கழற்றினாள். ஓசையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"ஆஃப் பண்ணுங்க, சார்."

மூன்றாவது ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எண்ணெயும் புழுதியும் அப்பிய பின்பக்கத்து இருட்டில், ஒயரில் குத்தியிருந்த ஏதோ ஒன்றில் விரல் தட்டி நின்றது. புழுதியை விரல் நுனியால் விலக்கி, குனிந்து பார்த்தாள்.

"புடிச்சுட்டியா?" என்றார் துரைராசு உள்ளிருந்து.

"சரியானா எங்க எடுத்துட்டுப் போவீங்க, சார்?"

"உங்க தெருவுக்குத்தான். கூலி கூடக் கேட்டு அறுப்பை நிறுத்தி வச்சிருக்கானுங்கல்ல? எங்கப்பா காலத்துலேருந்து பாக்குறேன். கம்போட ஆளுங்களை ஏத்திட்டுப் போறப்பல்லாம் தெரு காலி. இந்தச் சனியன் ஒரு மைலுக்கு முன்னாடியே இருமிக் காட்டிக் குடுத்துடுது. ஒரே ஒரு தடவை சத்தமில்லாமப் போய் எறங்கினாப் போதும், பாத்துக்க."

அம்சம் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினாள்.

"தேறாது, சார்."

"என்னாது?"

"பிறவிக் கோளாறு. எத்தனை மெக்கானிக் வந்தாலும் போவாது."

"அப்பப் பட்டாவும் கெடையாது."

"நீங்க குடுக்கவேணாம். நாளைக்குத் தெருவே தாலுகா ஆபீசுக்கு வருது. நாங்க கேட்டு வாங்கிக்கிறோம்."

கை மசியைக்கூடத் துடைக்காமல் அவள் வெளியே நடந்தாள். காத்தாயி விளக்குமாற்றைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். தலை மறுபடியும் அவிழ்ந்து கிடந்தது.

படலைத் தாண்டியதும் அம்சம் நின்றாள். மசிக் கையாலேயே அம்மாவின் கூந்தலை அள்ளி இறுக்கி முடிந்தாள்.

"வேற ஊசி வாங்கித் தரேம்மா," என்றாள். "பச்சை மணி அங்கேயே இருக்கட்டும்."