ஒற்றைச் செருப்பு

இருந்தவர்கள்: வனத்துறைக் கால்நடை மருத்துவர் ரெஜினா. காவலர் நாச்சிமுத்து, தலையில் சாக்கு மாட்டியபடி. படம் வரைகிற அவள். கூண்டுக்குள் மரநாய்.

கொஞ்சம் தள்ளி, மிருகக்காட்சிசாலையின் வேன். பின்கதவு திறந்திருந்தது. ஓட்டுநர் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

வேனும் காட்டைப் போலவே காத்திருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மரநாய்க்கு அதுதான் விடியல்.

"மரத்தைப் பார்த்து ஓடுச்சுன்னா காடு," என்றார் மருத்துவர். "நம்மளைப் பார்த்து வந்துச்சுன்னா வேன், ஆயுசுக்கும் கூண்டு. அதனால நாம ரெண்டு பேரும் முகத்தைக் காட்டிட்டே நிக்கணும்."

ஆளைக் கண்டு பயப்படாத மரநாய் காட்டில் தங்காது. யார் வீட்டு அடுப்படிக்காவது போகும். அங்கே விறகுக்கட்டையால் அடிபட்டுச் சாகும்.

சாக்கு அதற்காகத்தான். கண் திறக்காத குட்டியாகக் கிடைத்ததிலிருந்து நாச்சிமுத்து அதற்கு முகம் காட்டியதில்லை. இரண்டு ஓட்டை போட்ட கோணிச்சாக்கை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். பேசமாட்டார். பழத்தட்டை வைப்பார், திரும்பும்போது கம்பியில் தடியால் ஓங்கி ஓர் அடி. பெயர்கூட வைக்கவில்லை.

"அது என்னைய வெறுக்கோணும். அதுக்குத்தானுங்க சம்பளம்," என்பார்.

அவள் குழந்தைகளுக்கான படப்புத்தகத்துக்காக வந்தவள். தாயில்லாக் குட்டி, வளர்ப்பு, வழியனுப்புதல். கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பதிப்பகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: காட்டுக்குள் நுழையும் முன் அது ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். கண்ணில் லேசாக ஈரம் தெரிந்தால் நல்லது.

வம்பே அந்தக் கண்ணால் வந்ததுதான்.

அவளும் சாக்கு மாட்டித்தான் உள்ளே போக வேண்டும்; அதன் ஓட்டை வழியாக மரநாயின் கண் சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் உள்ளே போனவள் சாக்கைக் கழற்றிவிட்டாள். மடியில் தாளை வைத்து வரைந்தாள். அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல வந்து சுண்டுவிரலை முகர்ந்தது.

படம் அருமையாக வந்தது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை.

நாச்சிமுத்து கொக்கியை நீக்கிக் கதவைத் தள்ளினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மூக்கு. மீசை. அப்புறம் நீளமான அந்த உடம்பு, மண்ணோடு ஒட்டியபடி.

எதிரே அத்திமரம். பழுத்துக் கிடந்தது.

அது மரத்தைப் பார்த்தது. சாக்கைப் பார்த்தது. பல்லைக் காட்டிச் சீறியது. சாக்குக்குள் நாச்சிமுத்து சிரித்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது.

பிறகு அவளைப் பார்த்தது.

காதுகள் முன்னால் வந்தன.

மரத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் நடந்தது. அவசரமே இல்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற நடை.

ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

மருத்துவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

காலருகே நின்றது. முன்னங்காலைத் தூக்கி அவள் விரல்களைத் தேடியது. கண் இரண்டும் அவள் முகத்தில். வரைந்த அதே கண். பதிப்பகம் கேட்ட ஈரம்கூட இருந்தது.

அவள் குனிந்தாள்.

செருப்பைக் கழற்றினாள்.

வீசினாள். விலாவில் விழுந்தது.

"ஓடு! சனியனே, ஓடு! என் மூஞ்சில என்னத்தைப் பாக்குற? ஓடித் தொலை!"

குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லித் தேன் தடவி வைத்த குரல் அவளுடையது. அதற்குள் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கே தெரியாது.

வரைபலகையைத் தரையில் அறைந்தாள். தாள்கள் பறந்தன. வண்ணப் பெட்டியை எறிந்தாள். மண்ணை அள்ளி எறிந்தாள். மரநாய் துள்ளியது, உறுமியது, அவள் கெண்டைக்காலில் நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

ஓடியது.

அத்திமரத்தில் ஏறியது. ஓர் இலைக்கொத்து ஆடியது. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே.

திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் காலில் ரத்தம் வழிய நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

மருத்துவர் வெகுநேரம் மரத்தையே பார்த்தார். பிறகு காயத்தைப் பார்த்தார்.

"இனி பொம்பளை வாடை அடிச்சாலே ஓடும்," என்றார். "வாங்க, ஊசி போடணும்." வேன் பக்கம் கையை ஆட்டினார். "தம்பி, நீ கெளம்பு."

வேன் காலியாகப் போனது.

நாச்சிமுத்து சாக்கைக் கழற்றினார். வியர்த்த முகம் முழுக்கப் பல்.

"இத்தன நாளு நாந்தட்டுனதெல்லாம் வீணுங்க அம்மிணி. நீங்க ஒத்தச் செருப்புல முடிச்சுப்போட்டீங்க. அது சரி, கடைசிப் பக்கத்துல என்னத்த வரைவீங்க?"

"செருப்பைத்தான்."

கூண்டு திறந்தே கிடந்தது. உள்ளே தட்டில் ஒரு பழம் மிச்சமிருந்தது. இருட்டினால் வாசனை மரம் வரைக்கும் போகும், அதைத் திரும்பக் கூப்பிடும்.

அவள் நொண்டிக்கொண்டே போனாள். பழத்தை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள், கொக்கியை மாட்டினாள், பூட்டை எடுத்தாள்.

"உள்ளதான் ஒண்ணுமில்லீங்களே," என்றார் நாச்சிமுத்து.

மரத்துக்கு முதுகைக் காட்டியபடியே அவள் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.